மண்டைத்தட்டி டாக்டர் கேட்ட போட்டோ

சங்கரன்கோவிலில் அவர் கைபடாத மண்டையே கிடையாது. போர்டில் ஏதோ பேர் இருந்தது. ஊருக்கு அவர் மண்டைத்தட்டி டாக்டர். வயிற்றுவலி என்று போனாலும், தேங்காய் வாங்க வந்தவர் மாதிரி தலையில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் நாக்கை நீட்டச் சொல்வார். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்த தாசில்தாரின் வழுக்கையில் தட்டி, "ஒண்ணுமில்ல, போங்க" என்றார். தாசில்தார் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் மனைவிக்கு வகிட்டுக்குக் கீழே, நெற்றியில், புளியங்கொட்டை அளவு ஒரு புடைப்பு. வெளியூரில் எக்ஸ்ரே எடுத்தோம். மண்டையோட்டில் கட்டி போலத் தெரிகிறது, மெட்ராஸில் திறந்து பார்க்க வேண்டியிருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர். திரும்பும் பஸ்ஸில் அவள் அழவில்லை. கரிவலம்வந்தநல்லூர் தாண்டியதும் நிதானமாகச் சொன்னாள்:

"எனக்கு ஏதாச்சும்னா ராயகிரிச் சித்தி மகளைக் கெட்டிக்கிடுங்க. அவ வைக்கிற ரசம் மட்டும் கொஞ்சம் புளிக்கும். நான் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்."



மறுநாள் மண்டைத்தட்டியிடம் போனோம். அன்று அவர் தட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. புடைப்பைக் கட்டைவிரலால் அழுத்தினார், அது அசையவில்லை. அதன்மேல் தோலை மட்டும் நகர்த்திப் பார்த்தார். பிறகு எக்ஸ்ரேயோடு நடுத்தெருவுக்குப் போய், வெயிலுக்கு நேரே பிடித்தார். பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. அவரும் தட்டு வாங்கியவர்தான்.

"வலி உண்டா தாயி?"

"இல்லைங்கய்யா. போன மாசம் தலை சீவயில பாத்தேன்."

"நீ பாத்தது போன மாசம். அது வந்தது எப்பன்னு கேக்கேன்." என் பக்கம் திரும்பினார். "வே, கல்யாண போட்டோ இருந்தா எடுத்துட்டு வாரும்."

ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். சரியாக அந்த இடத்தை மறைத்து நெற்றிச்சுட்டி. "இதையெல்லாம் எதுக்குவே மாட்டுதீய?" என்று என்னைக் கோபித்துக்கொண்டார். மாமியார் வீட்டுச் சுவரில் தொங்கிய, அவளுடைய பள்ளிக்கூட குரூப் போட்டோவைக் கழற்றி வந்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இரட்டைச் சடை, எண்ணெய் வழிய வாரிய தலை, நெற்றியில் மிளகளவு ஒரு மேடு.

"இந்தா இருக்குல்லா. கெட்ட கட்டி இத்தன வருசம் பொறுமையா இருக்காது. இது எலும்புதான், ஒரு இடத்துல கொஞ்சம் கூட வளந்துட்டு. எக்ஸ்ரேல பாரும், சாக்பீஸ் மாதிரி வெள்ளையா, ஓரம் வழவழன்னு இருக்கு. பக்கத்து எலும்பை அரிக்கவே இல்ல. வெட்ட வேண்டாம். வருசத்துக்கு ஒருக்க காட்டுங்க. வலிச்சாலோ வேகமா வளந்தாலோ உடனே வரணும்."

வெளியே வந்த பிறகுதான் அவள் அழுதாள்.

"இந்த மனுசன் நூறு வருசம் இருக்கணுங்க," என்றாள்.

அத்தனை வருடம் அவர் இருக்கவில்லை. இருந்திருக்கலாம்.