வீரனுக்கு அவித்த எலும்பு

நல்லூரில் கொடி ஏறியிருந்த ஒரு நாளில் எங்கள் வீட்டுச் சைவச் சட்டியில் ஆட்டெலும்பு அவித்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகம் சுளிப்பவர்கள் தாராளமாகச் சுளிக்கலாம். ஊரில் அரைவாசிப்பேர் ஏற்கெனவே சுளித்து முடித்துவிட்டார்கள்.

வெளியூர்க்காரருக்காக ஒரு விளக்கம். எங்கள் வீட்டில் மீன், இறைச்சிக்கு (நாங்கள் மச்சம் என்போம்) ஒரு சட்டி, சைவச் சமையலுக்கு வேறு சட்டி. கோயிலில் திருவிழாக் கொடி ஏறினால் இருபத்தைந்து நாளும் மச்சச் சட்டிகள் உரப்பையில் கட்டப்பட்டுப் பரணுக்குப் போய்விடும். அம்மா போடும் முடிச்சை அம்மாவால்தான் அவிழ்க்க முடியும்.

அந்த வருடம் திருவிழாவின் நடுவில் எங்கள் நாய் வீரன் முன்வீட்டுக் கறுவலோடு சண்டைக்குப் போனான். கடி விழுந்தது பின்தொடையில். (முன்னேறிச் சென்றவனுக்குப் பின்னால் எப்படிக் கடி விழுந்தது என்று கேட்கவேண்டாம். எனக்கும் மானம் இருக்கிறது.) ஓட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினேன். மிருக வைத்தியர் ஒன்பது தையல் போட்டார், ஊசியும் போட்டார். நான் அழுத அழுகையைப் பார்த்து, "தங்கச்சி, கடி வாங்கினது நாய்தானே?" என்று என்னையும் ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார்.

மூன்று நாளாகியும் வீரன் வாயில் ஒன்றும் வைக்கவில்லை. பாலைக் கண்டதும் கண்ணை மூடினான். பருப்பும் சோறும் வைத்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எலும்பு அவிச்ச தண்ணி குடுத்துப் பாருங்கோ. இண்டைக்கும் சாப்பிடாட்டி தப்புறது கஷ்டம்."

அம்மாவிடம் சொன்னேன்.

"கொடி இறங்கட்டும், பிள்ளை. முருகன் பாத்துக்கொள்ளுவார்."

"கொடி இறங்க இன்னும் பன்னிரண்டு நாள் கிடக்கு, அம்மா. இவன் இண்டைக்குத் தாங்கமாட்டான்."

அம்மா சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். சின்னம்மா அம்மாவின் தங்கை. திருவிழாவுக்காக அளவெட்டியில் இருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். இருபத்தைந்து நாளும் ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் இருக்கிற ஆள்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. புத்தியைத் தவிர எல்லாம் இருந்தது. நல்லூரில் எலும்பு வாங்கினால் நான் வீடு வருமுன்னே செய்தி வந்துவிடும் என்று அச்சுவேலி வரை ஸ்கூட்டியை விட்டேன். எலும்பைக் கீரைக்கட்டுக்குக் கீழே ஒளித்துக் கொண்டுவந்தேன். பரணில் ஏறி உரப்பையோடு மல்லுக்கட்டினேன், முடிச்சுத்தான் வென்றது. குசினியில் கண்ணுக்கு முன்னால் அம்மா ரசம் வைக்கும் சட்டி இருந்தது. வருவது வரட்டும் என்று அதிலேயே மஞ்சளும் போட்டு அவித்தேன். மணத்தை மறைக்க வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டேன். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

சாறு ஆறட்டும் என்று விட்டுவிட்டு விறாந்தையில் வீரனின் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கோயிலில் சின்னம்மாவுக்குத் தலை சுற்றியிருக்கிறது. இருவரும் நேரத்தோடு திரும்பிப் பின்கதவால் குசினிக்குள் வந்துவிட்டார்கள்.

"அக்கா, உன்ரை பிள்ளையைப் பார்! சாம்பிராணியும் போட்டு, எனக்கு ரசமும் வைச்சிருக்கு!"

சட்டி சைவச் சட்டி. அதற்குள் வேறென்ன இருக்கும்? நான் விழுந்தடித்து ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அரைத் தம்ளர் உள்ளே போய்விட்டது.

"நல்லாயிருக்கு, பிள்ளை. உப்புத்தான் காணாது."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். (இன்றைக்கும் என் தம்பி அப்படித்தான் சொல்கிறான்.) ஆனால் அவர் இரண்டாவது தம்ளருக்குச் சட்டியைச் சரித்தார். அது வீரனின் பங்கு.

"சின்னம்மா, அது வீரனுக்கு அவிச்ச ஆட்டெலும்பு."

சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். வாளி வாளியாகத் தலையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அம்மா சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு பேச்செல்லாம் ஒன்றாக வந்தது.

"எடியே, கொடி ஏறிக்கிடக்கேக்கை செய்யிற வேலையே இது? அந்தச் சட்டியைக் கொண்டுபோய் ஒழுங்கையிலை போட்டு உடை!"

"உடைக்கிறன். அவன் குடிச்ச பிறகு."

அம்மாவோடு அப்படிக் கதைத்தது அதுதான் முதல் தடவை.  சட்டியை விடவில்லை. கொண்டுபோய் வீரனுக்கு முன்னால் வைத்தேன். அவன் மோந்தான். நாக்கு மெல்ல வெளியே வந்தது. பிறகு தலை முழுவதும் சட்டிக்குள் போனது. நான் வெட்கமில்லாமல் விம்மி அழுதேன். பின்னால் அம்மாவின் பேச்சு நிற்கவே இல்லை. ஈரத் தலையோடு வந்து நின்ற சின்னம்மாதான் கடைசியில் வாய் திறந்தார்.

"அக்கா, பேசாமல் இரு. சீவன் குடிக்குது."

சட்டியை அன்றே உடைத்தேன், சொன்ன சொல் தவறவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. இனியும் கேட்கமாட்டேன்.

சின்னம்மாவின் பிள்ளைகள் கலியாண வீடுகளில் புது உறவுக்காரருக்கு என்னை இப்படித்தான் காட்டுவார்கள்: "எங்கடை அம்மாவின்ரை விரதத்தை எலும்பு ரசத்தாலை முறிச்ச அக்கா இவதான்." மண்டபம் சிரிக்கும்.

"ஓம், நான்தான்," என்பேன். "ஒருக்கா வீட்டுப்பக்கம் வாங்கோ. கேற்றடியிலை நிண்டு ஒருத்தன் குலைப்பான்."