சராசரி அங்கிளும் அக்கி ஊசியும்

ஒரு கேள்விக்கு ஒரே ஒருவரிடம் பதில் கேட்டுத் திருப்தியடையாத மனிதர் பிரிக்ஃபீல்ட்ஸ் முழுவதிலும் ஒருவர்தான். எங்கள் அடுக்குமாடியின் நான்காம் மாடிக்காரர். மணி என்ன என்றுகூட மூன்று பேரிடம் கேட்பார். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்த பிறகுதான் கிளம்புவார். எங்களுக்கு அவர் சராசரி அங்கிள்.

கிள்ளான் துறைமுகத்தில் எடை பார்க்கும் குமாஸ்தாவாக இருந்தவர். ஒவ்வொரு லோரியையும் எடைமேடையில் மூன்று தடவை ஏற்றிச் சராசரி எழுதிய பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. ஒரு தீபாவளிக்கு மூன்று தையல்காரர்களிடம் இடுப்பளவு எடுத்துக் கால்சட்டை தைத்தார். பண்டிகை முழுவதும் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தார்.

சில வருடங்களுக்கு முன் அவருக்கு வலது விலாவில் அக்கி வந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். கிள்ளானிலிருந்து அக்கிக்கு எழுதும் ஓர் அம்மா வந்து புண்ணைச் சுற்றிக் காவி பூசினார். எதிர்வீட்டுச் சீனப் பெண்மணி, அது பாம்பு, உடம்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்தால் உயிர் போய்விடும் என்றார். அங்கிள் மூன்றையும் ஏற்றுக்கொண்டார். மாத்திரையை விழுங்கினார், காவியை அழிக்கவில்லை, தினமும் காலையில் பாம்பை அளந்தார். டேப்பின் மறுமுனை, மூன்றாம் மாடிக்காரனான என் கையில்.

"எவ்வளவு தம்பி?"

"ஒன்பது இன்ச் அங்கிள். நேத்தும் ஒன்பதுதான்."

"மூணு தடவை பாத்தியா?"

கட்டிலில் படுத்திருந்த அவர் மனைவி, எங்கள் ஆன்டி, சிரித்தார். "இவர் கணக்கைக் கேட்டா பாம்பே திரும்பிப் போயிடும்லா."

ஆன்டிக்குப் பக்கவாதம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் அவரைத் தூக்குவது அங்கிள்தான். நான்காம் நாள், சட்டை பட்டாலே அங்கிள் துடித்தார். வேறு வழியில்லாமல் ஆன்டியைக் கிள்ளானில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட்டோம். ஐந்து வாரம். அங்கே குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஆன்டி அங்கே சரியாகச் சாப்பிடவில்லை. திரும்பி வந்தபோது கன்னம் ஒட்டியிருந்தது.

அக்கி மறுபடி வரலாம், தடுக்க ஊசி இருக்கிறது என்று தெரிந்ததும் அங்கிள் கிளம்பினார். ஒரு முறை வந்தவர் எப்போது போட்டுக்கொள்ளலாம்? வழக்கம்போல மூன்று கிளினிக். முதல் டாக்டர், "புண்ணெல்லாம் ஆறிடுச்சா? அப்ப போடலாம். இத்தனை மாசம்னு கட்டாயமில்ல" என்றார். இரண்டாமவர், உடனே திரும்ப வருவது அபூர்வம், ஆறு மாதம் போகட்டும் என்றார். மூன்றாமவர் ஒரு வருடம் என்றார்.

"பூஜ்யம், ஆறு, பன்னிரண்டு. கூட்டி மூணால வகுத்தா ஆறு மாசம்." காலண்டரில் வட்டம் போட்டார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

ஆன்டி அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க, அதுக்குள்ள வந்துட்டா, நான் மறுபடி அங்க போவணுமா?"

அங்கிள் பேனாவை மூடி வைத்தார். இதை வேறு யாரிடம் போய்க் கேட்பது?

மறுநாள் காலை அங்கிளோடு முதல் டாக்டரின் கிளினிக்குக்கு நானும் போனேன். டாக்டர் விலாவைப் பார்த்தார். தழும்பு மட்டுமே இருந்தது. ஊசி போட்டார். இரண்டாவது ஊசிக்கு இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார். கை வலிக்கும், காய்ச்சல் அடிக்கலாம், இரண்டு நாள் எதையும் தூக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "சராசரி என்ன ஆச்சு அங்கிள்?"

"அது லோரிக்குலா, தம்பி."

அந்த இரண்டு நாளும் ஆன்டியைத் தூக்கியது நான். போர்வையைப் போர்த்திக்கொண்டு அங்கிள் உத்தரவு போட்டார். "முட்டியை மடக்கு! இடது கையை அவ தோளுக்குக் கீழ குடு! மெதுவா!"

"அரிசி மூட்டை மாதிரி தூக்குறான்ங்க" என்று ஆன்டி புகார் செய்தார்.

"ரெண்டு நாள் பொறுத்துக்க. நான் இருக்கேன்ல."

மூன்றாம் நாள் அவர் கை சரியாகிவிட்டது. என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் அதே நேரத்துக்கு நான்காம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். எதற்கு வந்தாய் என்று அங்கிள் கேட்கவில்லை. ஆன்டியின் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.