வராத பச்சோந்திக்குக் கட்டிய வீடு

பிராணி வளர்ப்பில் மிகவும் இன்பமான காலம், அந்தப் பிராணி வீட்டுக்கு வருவதற்கு முந்திய காலம்தான். கடிக்காது, கழியாது, செத்துப்போய் நம்மை அழவும் வைக்காது. என் முதற் செல்லப்பிராணியான பச்சோந்தியை நான் அப்படித்தான் வளர்த்தேன். அது கடைசிவரை வரவேயில்லை. வராமலே அது எங்கள் குடும்பத்துக்குச் செய்த வேலையை, வந்திருந்தால்கூடச் செய்திருக்காது.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. நாங்கள் குடியேறிய குளிர்நாட்டில், தலைநகரின் ஓரமான வெஸ்ட்லியில், ரயில் இதற்கு மேல் போகமாட்டேன் என்று நின்றுவிடும் இடத்தில், ஒரு மாடிக் கட்டடத்தில் அப்பா, அம்மா, அக்கா, நான். எனக்கு இருபது வயது. எனக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் இல்லை (அந்த வயதில் எவனுக்குத்தான் இருக்கிறது?). பக்கத்து நாடான சுவீடனில் இருந்த என் கூட்டாளி சிறி, தன்னுடைய பச்சோந்தி குஞ்சு பொரித்திருக்கிறது, நத்தார்ப் பண்டிகை விடுமுறைக்கு வரும்போது உனக்கும் ஒன்று கொண்டுவருகிறேன் என்றான். உடனே நான் இணையத்தின் முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டேன்.

பச்சோந்தி வருவதற்கு முன்பே கூடு தயாராக இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று இணையப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். வெயில், ஈரம், இலை, உயிருள்ள சாப்பாடு எல்லாம் முதலில், ஆள் பிறகு. ஆகவே வீட்டிலேயே சூடான இடமாகிய வரவேற்பறைக்குள்ளேயே உட்கார்ந்து, பலகை அறுத்து, வலையடித்து, என் உயரத்துக்கு ஒரு கூடு செய்தேன். உள்ளே செடிகள், மேலே விளக்கு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ ஒரு குழாய். சாப்பாட்டுக்கு ஒரு பெட்டி சில்வண்டு. (சுத்தத் தமிழில் சுவர்க்கோழியாம். அம்மாவிடம் அந்தப் பெயரைச் சொன்னேன். "கோழியெண்டால் வெட்டிக் கழுவிக்கொண்டு வா" என்றார்.)

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா கம்பளிக் காலுறையோடு கூட்டைப் பார்த்துப் பொருமினார். "வராத ஓணானுக்கு வெய்யில் எறிக்குது. பெத்தவளுக்குக் கால் விறைக்குது!"

இந்த நிலையில்தான் அக்காவின் கலியாணப் பேச்சு வந்தது. அக்கா விரும்பிய ரமணன், லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருந்த மட்டக்களப்புக் குடும்பத்துப் பிள்ளை. காதல் அவர்களுடையது என்றாலும் சம்மதம் ரமணனின் தாயாருடையது. சாதகம் பார்த்தவர் "பரவாயில்லை" என்று இழுத்துவிட்டதால் அந்த அம்மாவின் மனம் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. நேரில் வந்து பார்த்து, மனதுக்குச் சரியென்று பட்டால் ஆம், இல்லையென்றால் இல்லை. அக்கா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"அவையள் வாற நேரம் நீ வாயைத் திறக்கப்படாது. உந்தக் கூட்டையும் எங்கையாவது கொண்டுபோய்த் துலை" என்றாள்.

அப்போதுதான் ஒரு சிறிய உண்மை வெளிப்பட்டது. நான் அறைக்குள் இருந்தே கட்டிய கூடு, அறையின் கதவால் வெளியே போகாது. நேராகப் போகாது, சரித்தாலும் போகாது. அப்பா அளவுநாடாவை என் தலையில் எறிந்தார். கடைசியில் அம்மா தன் மஞ்சள் பட்டுச்சேலையை எடுத்துக் கூட்டைச் சுற்றி மூடினார். விளக்கை அணைக்க நான் விடவில்லை. அணைத்தால் சில்வண்டு குளிரில் செத்துவிடும். பாவம், மூச்சு முட்டுமே என்று கூட்டுக்குள் இருந்த பெட்டியின் மூடியையும் கொஞ்சம் திறந்துவிட்டேன். எனக்கு எப்போதுமே இரக்கக் குணம்.

ரமணனின் பெற்றோர் வந்தார்கள். அந்த அம்மா குளிர் கோட்டைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அப்படியே நின்றார். மஞ்சள் பட்டுக்குள்ளே வெளிச்சம், ஓரத்தில் பச்சை இலை, உள்ளே தண்ணீர் சொட்டும் ஓசை.

"சாமிய ஹோலுக்குள்ளயே வச்சிருக்கீங்க! பாக்கவே மனசு நிறைஞ்சு போச்சு" என்று கைகூப்பினார்.

அம்மா என்னைப் பார்த்தார். ஓணான் கூடு என்று அந்த நேரத்தில் எந்தத் தாய் சொல்வாள்? அவரும் கைகூப்பினார். அப்பாவும் கூப்பினார். கடைசியாக, நான் ஆணியடித்த கூட்டை நானே கும்பிட்டேன்.

அந்த அம்மா கண்ணை மூடி வாய்விட்டே வேண்டினார். "அப்பனே, இந்தக் கலியாணம் நல்லா அமையுமெண்டா ஒரு சகுனம் காட்டு."

உள்ளேயிருந்து வந்தது: "கிறீச், கிறீச், கிறீச்."

"பல்லி சொல்லிச்சு!" என்றார் அந்த அம்மா.

அப்பா பழக்கதோஷத்தில் மேசையில் விரலால் மூன்று தட்டுத் தட்டினார். இருபது வருடம் பல்லியைக் கேளாத காதுகளுக்குச் சில்வண்டும் பல்லிதான். உறைபனி நாட்டில் பல்லி எப்படி வந்தது என்று எவரும் கேட்கவில்லை. எந்தத் திசையில் சொன்னது என்றுதான் கேட்டார்கள். யன்னலைப் பார்த்தால் சூரியன் இல்லை. ரயில் ஸ்ரேசன் இந்தப் பக்கமென்றால் கிழக்கு அந்தப் பக்கம் என்று இரண்டு அப்பாக்களும் வாதாடி, நல்ல திசைதான் என்று தீர்த்து வைத்தார்கள்.

"எனக்குச் சம்மதம்" என்றார் அந்த அம்மா. தேநீர்த் தட்டோடு வாசலில் நின்ற அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அத்தோடு இருந்திருக்கலாம். அந்த அம்மா, சாமிக்கு ஒரு பூ வைக்கிறேன் என்று சேலையை விலக்கிக் கூட்டின் கதவைத் திறந்தார்.

ஐயோ! மூடி திறந்த பெட்டியில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கதவடியில்தான் நின்றன. ஒன்று அவருடைய கொண்டையில் ஏறியது. ஒன்று வடைத் தட்டில் குதித்தது. ஒன்று ரமணனின் அப்பாவுடைய சேர்ட்டுக்குள் இறங்கி அவரை ஆடவைத்தது.

"என்ன மனே இது?" என்று சோபாவில் ஏறி நின்றபடி என்னைக் கேட்டார் அந்த அம்மா. (மட்டக்களப்பில் மனே என்றால் மகனே.)

"பச்சோந்தியின்ரை சாப்பாடு, அன்ரி."

"பச்சோந்தி எங்க?"

"இன்னும் வரேல்லை."

சேர்ட்டை உதறிக்கொண்டிருந்த அவருடைய கணவர் நிமிர்ந்தார். "தம்பி, இந்த நாட்டில ஊர்வன வளர்க்கத் தடையெல்லோ? பொலிஸ் வரும்."

நான் வெளிநாட்டு இணையப் பக்கங்கள் எல்லாவற்றையும் வாசித்திருந்தேன். நான் இருக்கும் நாட்டின் சட்டத்தைத்தான் வாசிக்கவில்லை.

"வேலியிலை போன ஓணானை மடியிலை கட்டினவனைக் கேள்விப்பட்டிருக்கிறன்" என்றார் அப்பா. "ஓணானே இல்லாமல் குத்துப்பட்டவன் இவன் ஒருத்தன்தான்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா தட்டை வைத்துவிட்டு விம்மி விம்மி அழுதாள். "என்ரை வாழ்க்கையைப் பூச்சிக்குப் போட்டிட்டியேடா." அக்கா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

அந்த அம்மா சோபாவை விட்டு இறங்கினார். கொண்டையில் இருந்ததை மெல்ல எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"ஏன் கா மகள் அழுறாய்? நான் கேட்டன். கேட்ட கையோட சொல்லிச்சு. பல்லி சொன்னா என்ன, பூச்சி சொன்னா என்ன? இந்தக் குளிருக்குள்ள பல்லிக்குக் கடவுள் எங்க போற? இருக்கிறத வச்சுத்தானே அவரும் சொல்லணும்."

கலியாணம் நடந்தது. கூட்டை அறுத்துத்தான் வெளியே எடுத்தோம். சிறி என் பச்சோந்தியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டான்.

ஆனால் என் வேலை முடியவில்லை. அத்தான் வேலை மாறுவதென்றால், கார் வாங்குவதென்றால், அக்காவின் பிள்ளைக்குப் பெயர் வைப்பதென்றால் லோறென்ஸ்கூக்கிலிருந்து அந்த அம்மாவின் அழைப்பு வரும். "மனே, ஒரு பெட்டி எடுத்திட்டு வா." ஹீற்றருக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துக் கேள்வி கேட்பார். (சத்தம் வராவிட்டால், "இது சின்னன், இதுக்கு என்ன தெரியும்?" என்று அடுத்த பெட்டிக்கு அனுப்புவார்.)

போன மாதமும் பெட்டி வாங்கப் போயிருந்தேன். பிராணிக் கடைப் பெண் கேட்டாள், இவ்வளவு காலமாக வாங்குகிறீர்களே, அப்படி என்னதான் வளர்க்கிறீர்கள் என்று. அக்காவின் மாமியாரை என்று வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "கொஞ்சம் வயதானது, நல்ல குணம், ஆனால் சத்தம் கேட்காமல் ஒரு காரியமும் செய்யாது" என்றேன்.