பத்துக்கு மூன்று

கதவோரக் கட்டில்காரருக்கு உயிர் போகிற வலி என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. வாய்தான் ஒத்துழைக்கவில்லை.

"பத்துக்கு எவ்வளவுங்க வலிக்குது?"

"மூணு."

நர்சம்மா பெருமூச்சு விட்டார். அடுத்த டியூட்டிக்கு வந்து மாற்றிவிட வேண்டிய நர்ஸ் வரவில்லை; விடாமல் இரண்டாவது டியூட்டி. கால்கள் வீங்கி, செருப்பு கடித்தது.

ஆறுக்கு மேல் சொன்னால்தான் ஊசி, கீழே என்றால் மாத்திரை என்று டாக்டர் எழுதி வைத்திருந்தார். மாத்திரை கொடுத்துப் பார்த்தாயிற்று. யானைப் பசிக்குச் சோளப்பொரி. வயிற்றில் ஆபரேஷன் ஆன மனிதர், வலிக்குப் பயந்து இருமாமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும்.

'நோயாளி சொல்வதுதான் வலி' என்று போன வாரம்தான் நர்சுகளுக்கு வகுப்பு எடுத்தார்கள். எடுத்தவருக்கு இப்படி ஒரு நோயாளி வாய்த்ததில்லை போலும்.

சிரிப்பிலிருந்து அழுகை வரை முகங்கள் வரைந்த அட்டையை எடுத்து வந்தார். "இதுல உங்க முகம் எதுங்க?"

அவர் வியர்க்க வியர்க்க உற்றுப் பார்த்தார். "நாலாவது முகத்துக்கு ஒரு காது பெரிசு. யார் வரைஞ்சது?"

"காதை விடுங்க. வலி?"

"மூணுதான்னு சொன்னேனே."

நர்சம்மா டாக்டருக்குப் போன் போட்டார். "அவரே மூணுங்கறார், நான் எப்படி ஊசி போடச் சொல்றது? மறுபடி கேளுங்க" என்று வைத்துவிட்டார் டாக்டர்.

பக்கத்துக் கட்டில்காரர் வேறு காலையிலிருந்து போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக் கிடந்தார். அவருக்குக் காய்ச்சல் பார்த்தாயிற்று. இல்லை.

நர்சம்மா கதவோரத்தவரின் காதருகே குனிந்தார். "ஏழுன்னு சொல்லிடுங்களேன். ஊசி போட்டா நிம்மதியாத் தூங்கலாம்."

அவர் முறைத்தார். "பதிலை நீங்களே எடுத்துக் குடுக்கறீங்களா? அதுக்கு அரை குறைச்சுக்கறேன். ரெண்டரை."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ஏழு கேட்கப்போய் இருந்ததில் அரையும் போயிற்று.

நர்சம்மா இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். அழுகை வந்தது. "உங்க நல்லதுக்குத்தானே கேக்கறேன்? ஏன்யா இப்படிப் படுத்தறீங்க?"

"உங்க மேல குத்தமில்லம்மா" என்று பல்லைக் கடித்தபடி முனகினார் அவர். "தகுதிக்கு மேல குடுத்துப் பழக்கமில்ல." வலியில் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பக்கத்துப் போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு நர்சம்மாவின் சட்டையை இழுத்தது. உள்ளே நரைத்த மீசையும் மிரண்ட கண்களும் தெரிந்தன.

"சிஸ்டர், மெதுவாப் பேசுங்க. நான் இங்க இருக்கேன்னு அவருக்குத் தெரிய வேணாம்."

"ஏன், அவரைத் தெரியுமா?"

"எங்க கணக்கு வாத்தியார். சீக்கிரம் ஊசியைப் போடுங்க, சிஸ்டர். எங்க வகுப்புலயே முதல் மார்க்கு நான்தான். எனக்கு அவர் போட்டது பத்துக்கு ரெண்டு."