தாளிப்பு பாயும் எங்கள் வீடும்

செங்கல்பட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை, வீட்டை விற்கலாமா என்று மனதுக்குள் நினைத்தவரைக்கூட தாளிப்பு பாய் விட்டதில்லை. வாய்விட்டுச் சொன்னவர் கதியைக் கேட்கவே வேண்டாம். மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் மொபெட் இருமும். பல் தேய்த்துக்கொண்டிருப்பவர் துப்பிவிட்டு நிமிர்வதற்குள் பாய் உள்ளே வந்து கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

புதுப்பட்டினத்தில் வீட்டுப் புரோக்கர்கள் பலர் இருந்தார்கள். தாளிப்பு என்று பட்டம் வாங்கியவர் அவர் ஒருவர்தான். வாங்க வருகிறவர்கள் படியேறும் நேரத்தில் அடுப்பில் கடுகு வெடிக்க வேண்டும் என்பது அவருடைய தொழில் விதி.

"சார், செவுத்த எவன் பாக்கறான்? மூக்குதான் வூட்ட வாங்குது. கடுகு, கருவேப்பில வாசன வந்துச்சுன்னா, இது நம்ம வூடுன்னு மனசு சொல்லிடும். அப்பால தளம் ஒழுகுனாகூட கண்ணுக்குத் தெரியாது" என்பார்.

ஆளில்லாத வீடு என்றால் பக்கத்து வீட்டு அம்மாவைக் கெஞ்சி ஜன்னல் ஓரமாகத் தாளிக்கச் சொல்வார். அந்த அம்மாவும் வெளியூர் போயிருந்தால் கவலையில்லை. மொபெட் பெட்டிக்குள் மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று, எண்ணெய் சீசா ஒன்று, கடுகுப் பொட்டலம் ஒன்று தயாராக இருக்கும். சுடுகாட்டுக்கு அடுத்த மனையில் இருந்த ஒரு வீட்டை, கொட்டுகிற மழையில், வடகம் பொரித்தே விற்றார் என்று ஊரில் சொல்வார்கள். வாங்கியவர் குடிவந்த பிறகுதான் பின்பக்க ஜன்னலைத் திறந்து பார்த்தாராம்.

நான் கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற புதிது. கையில் செல்போன் இல்லாதவர்களை ஊர் ஏற இறங்கப் பார்க்கத் தொடங்கியிருந்த காலம். பிள்ளை கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு வாங்கிவிட்டு, எங்களையும் வரச் சொல்லிக்கொண்டிருந்தான். என் மனைவி சாரதா முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். அவளுக்குக் காரணம் இருந்தது. முன்னறையில் தையல் மிஷின் போட்டு இருபது வருஷமாக ரவிக்கை தைத்து வந்தாள். புதுப்பட்டினத்துப் பெண்கள் பாதிப்பேரின் அளவு அவள் நோட்டில் இருந்தது. அளவு கொடுக்க வருகிறவர்கள் அளவை மட்டும் கொடுத்துவிட்டுப் போவதில்லை. மாமியார், மருமகள், நாத்தனார் என்று சகலத்தையும் அங்கே இறக்கி வைத்துவிட்டுத்தான் போவார்கள். பாயின் மனைவியும் அவர்களில் ஒருத்தி.

பாய் எங்கள் வீட்டுக்குப் படையெடுக்க ஆரம்பித்தார். திங்கட்கிழமை வந்தார். சாரதா விரட்டினாள். செவ்வாய்க்கிழமை ஒரு டாக்டர் குடும்பத்தோடு வந்தார்.

"விக்கிறதா இல்லன்னு சொன்னேனா இல்லையா பாய்?"

"சொன்னீங்கம்மா. சும்மா பாக்கட்டுமே. கண்ணால பாத்தா சுவுரு தேஞ்சா பூடும்?"

புதன்கிழமை அவள் கேட்டைப் பூட்டினாள். பாய் காம்பவுண்டுக்கு வெளியே நின்று, வந்தவர்களுக்கு எங்கள் வீட்டைக் கையால் சுட்டிக்காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். "அதோ அந்த ரூம்பு இன்னா காத்து தெரியுமா? அம்மா தைக்கச் சொல்லோ துணியெல்லாம் பறக்கும். அம்மா, கொஞ்சம் ஜன்னலத் தொறங்களேன்!"

"இந்த மனுஷனுக்கு வெக்கமே கிடையாதா?" என்று சாரதா என்னிடம் கேட்பாள். "புரோக்கர்னா அப்படித்தான், விடு" என்பேன் நான்.

இத்தனை வருஷம் கழித்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாயை வரச் சொன்னவன் நான்தான்.

பேருந்து நிலையத்து டீக்கடையில் அவரைத் தேடிப் போய், "நான் வேண்டாம் என்று சொன்னாலும் வர வேண்டும், என் மனைவி திட்டினாலும் வர வேண்டும்" என்று கேட்டுக்கொண்டேன். பாய் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"இன்னா சார் இது? ஊரே என்னை வராதன்னு துரத்துது. நீங்க ஒருத்தர்தான் வாங்கோன்னு கூப்புடுறீங்க. அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிய வேண்டாம்."

பிள்ளைக்காகத்தான் விற்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். அதுவும் பொய். தினமும் காலையில் வேலைக்குப் போகிறவர்களின் பஸ் எங்கள் தெரு வழியாகப் போகும். முப்பத்திரண்டு வருஷம் நான் ஏறிய பஸ். ஓய்வு பெற்ற பிறகு, எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் ஜன்னல் வழியாகக் கையசைத்துவிட்டுப் போவதை என்னால் தாங்க முடியவில்லை. அந்த பஸ் கண்ணில் படாத இடம் எதுவாக இருந்தாலும் போதும் என்று இருந்தது. இதை மனைவியிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, ஒரு புரோக்கரை அவள்மேல் ஏவிவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாரதா திருக்கழுக்குன்றம் கோயிலுக்குப் போயிருந்தாள். பதினோரு மணிக்கு போன் வந்தது.

"சார், நல்ல பார்ட்டி. தாம்பரத்துக்காரங்க. வந்துகினே கீறோம். அடுப்புல கடுகப் போடுங்க!"

நான் அதுவரை வெந்நீர்கூட வைத்ததில்லை. வாணலியில் எண்ணெயை ஊற்றினேன். அது புகைய ஆரம்பித்த பிறகு ஒரு கைப்பிடி கடுகு போட்டேன். போதுமா என்று சந்தேகம் வந்ததால் எட்டு மிளகாய் வற்றலையும் போட்டேன். அடுத்த நிமிஷம் வீட்டுக்குள் போர்க்களம். படியேறிய தாம்பரத்துக் குடும்பம் வரிசையாக இருமிக்கொண்டு திரும்பி ஓடியது. பாய் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சார், வூட்ட விக்கச் சொன்னேன், கொளுத்தவா சொன்னேன்?" என்று அலறினார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பாட்டியம்மா மட்டும் ஓடவில்லை. கண்ணில் நீர் வழிய சமையலறைக்குள் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். இரண்டே நிமிஷத்தில் புகை முழுவதும் வெளியே போய்விட்டது. "இப்படி ஒரு ஜன்னல் வெச்ச சமையக்கட்ட நான் பாத்ததில்ல. இந்த வூடே இருக்கட்டும்" என்று மகனிடம் சொல்லிவிட்டார். கொத்தனாரோடு மூன்று நாள் சண்டை போட்டு சாரதா வைக்கச் சொன்ன ஜன்னல் அது.

அவர்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சாரதா வந்தாள். பாய் கூடத்தில்தான் நின்றிருந்தார். அவள் நேரே சமையலறைக்குப் போய், கருகிய வாணலியோடு வெளியே வந்தாள்.

"யாரு என் அடுப்புல கை வெச்சது?"

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. "பாய்தான்" என்றேன்.

பாய் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ஆமாம்மா, நான்தாம்மா" என்றார் அவர். "பார்ட்டி வந்துட்டாங்க, அவசரத்துல..."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. முன்னறைக்குப் போய் ஒரு மூட்டையை எடுத்து வந்தாள். பாயின் மகளுக்குப் பத்து நாளில் நிக்காஹ். பதினோரு ரவிக்கைக்குத் துணி கொடுத்திருந்தார்கள். ஒன்றும் வெட்டியிருக்கவில்லை. மூட்டையை அவர் கையில் வைத்தாள்.

"வேற ஆளப் பாத்துக்குங்க பாய். இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

"சரிம்மா" என்றார். மூட்டையோடு படியிறங்கினார். நாள் முழுக்கப் பேசினாலும் தீராத வாய் அது.

அவர் போன பிறகு சாரதா நாற்காலியில் உட்கார்ந்தாள். "அடுப்பு வரைக்கும் வெளியாள் வந்தாச்சு. இனிமே இது என்ன என் வீடு? வித்துடுங்க" என்றாள். நான் ஆசைப்பட்டது எனக்குக் கிடைத்தது.

கேளம்பாக்கத்தில் ஐந்தாவது மாடி. தையல் மிஷின் பால்கனியில் போர்வைக்குள் இருந்தது. அந்தக் கட்டடத்தில் எல்லோரும் காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள். அளவு கொடுக்க யாரும் வரவில்லை. அந்த வீட்டில் சாரதா நான்கு வருஷம் இருந்தாள். எப்போதாவது, "பாயோட பொண்ணு கல்யாணம் எப்படி நடந்துதோ? அந்தக் குழந்தை என்ன பண்ணுச்சு? நான் துணியத் திருப்பிக் குடுத்திருக்கக் கூடாதுங்க" என்பாள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன். சாப்பாடு ஆச்சா என்று கேட்டுவிடுவேன். கடைசியில் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான்.

அவள் போய் ஒரு வருஷம் கழித்து புதுப்பட்டினம் போனேன். பாய் அதே டீக்கடையில் இருந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. நான் உட்கார்ந்ததும், அந்த காலை பஸ் முதல் சாரதாவின் ஆஸ்பத்திரி வரை சொன்னேன். "அந்த ரவிக்கையெல்லாம்?" என்று கேட்டேன்.

"செங்கல்பட்டுல குடுத்தோம் சார். ஒண்ணும் சரியா அமையல. பொண்ணு முக்காடு போட்டுக்கினு சமாளிச்சுது. அது கெடக்கட்டும், கொழந்த பொறந்து அது ஸ்கூலுக்கே போவுது."

"நான் கடைசி வரைக்கும் அவளிடம் சொல்லவில்லை, பாய்."

"தெரியும் சார்" என்றார். "சொல்லியிருந்தா அம்மா என்னைக் கூப்ட்டு இருப்பாங்க."

நாஸ்தா வாங்கிக்கொடுத்து, என்னை பஸ் ஏற்றிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு போன் அடித்தது.

"சார், புள்ள வேலைக்குப் பூட்டா அந்த அடுக்குல தனியா இன்னா பண்றீங்க? நம்ம தெருவுல ஒரு சின்ன வூடு வாடகைக்கு கீது. பக்கத்துலயே நான் கீறேன். வந்து பாருங்க."

வேண்டாம் என்றேன். அடுத்த நாளும் அடித்தார். இன்று காலையும் அடித்தார். அந்த வீட்டில் காற்று வருமாம், தண்ணீர் இனிக்குமாம், மருந்துக்கடை எதிரிலேயே இருக்கிறதாம். எனக்குப் போகத்தான் ஆசை. ஆனாலும் இன்னும் சரி என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டால், காலையில் அந்த போன் வராதே.