கேட்டுக்கு வைத்த கல்

“முடியாது சார். கையெழுத்துப் போட மாட்டேன்.”

அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே ‘முடியாது மேடம்’தான். ஓய்வு பெற்றவர்களின் சேமிப்பை எந்தக் கம்பெனியில் போடலாம் என்று ஆராய்ந்து சொல்வது அவள் வேலை. இந்த முறை மேனேஜர் பிடித்து வந்திருந்தது, வனேடியம் தேடும் ஒரு குட்டிக் கம்பெனி.

“எஃகை உறுதியாக்குற உலோகம்மா. பெரிய பேட்டரிக்கும் இதுதான். நாளைக்கு உலகமே இதுக்கு அலையும்.”

“அலையட்டும். இவங்க தோண்டினது ஒரே ஒரு துளை. பளபளன்னு அச்சடிச்ச புத்தகம் மட்டும் எண்பது பக்கம்.”

“சாம்பிளே அனுப்பியிருக்காங்களே!”

மேனேஜர் மேஜைமேல் இருந்த மரப்பெட்டியைத் திறந்தார். வாட்ச்மேன் காலையில்தான் அதை மேலே கொண்டுவந்து வைத்திருந்தார். உள்ளே பட்டுத்துணிமேல் மாப்பிள்ளை மாதிரி ஒரு கறுப்புக் கல்.

“அவங்க கொடுத்த கல்லு, அவங்க கைகாட்டுற லேப். நல்லா இருக்கு நியாயம்! இந்தக் கம்பெனி அனுப்பின கல்லுல வனேடியம் இருந்தா நான் வேலையை விட்டே போறேன்.”

வீட்டுக்கடனும் பிள்ளையின் ஃபீஸும் பிறகுதான் நினைவுக்கு வந்தன. வந்தால் என்ன, சொன்னது சொன்னதுதான்.

பெட்டிக் கல்லை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். கீழே போய், வாசல் கேட்டுக்கு முட்டுக்கொடுத்திருந்த கல்லை நைசாக எடுத்து, அதைப் பட்டுத்துணியில் சுற்றி அந்த லேபுக்கு அனுப்பினாள். கேட்டுக் கல்லில் வனேடியம் இருப்பதாகச் சொல்லட்டும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

“கேட்டுக் கல்லைக் காணோம் மேடம். பாத்தீங்களா?” என்றார் வாட்ச்மேன்.

“கல்லைப் போய் யாருங்க திருடுவா?” என்று அவள் நழுவினாள்.

லேப் முடிவு வந்தது. முதல்தர வனேடியமாம்.

“ராஜினாமா எப்போ?” என்றார் மேனேஜர் உற்சாகமாக.

“அவசரப்படாதீங்க சார்.”

இழுப்பறைக் கல்லை, தானே தேர்ந்தெடுத்த வேறொரு லேபுக்கு அனுப்பினாள். அதில் துளிகூட வனேடியம் இல்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

“மேடம், கேட்டு காத்துல அடிச்சு மேனேஜர் கார் கண்ணாடி போச்சு. அந்தக் கல்லு மட்டும்...”

“அப்புறம் வாங்க!”

கம்பெனி முதலாளியை வரவழைத்து, லேப்களிலிருந்து திரும்பிய இரண்டு கல்லையும் அவர் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

“உங்க லேப் வனேடியம் கண்டுபிடிச்சது எங்க கேட்டுக் கல்லுல! நீங்க அனுப்பின கல்லுல ஒரு மண்ணும் இல்ல. வயசானவங்க பணம் உங்களுக்கு விளையாட்டாப் போச்சா?”

“நானே நின்னு எடுத்த கல்லும்மா...” முதலாளிக்கு வியர்த்துக் கொட்டியது. மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். இனி யார் வந்து என்ன கேட்டாலும் பதில் சொல்ல அவள் தயார்.

வாட்ச்மேன் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். மேஜையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஓடிவந்து ஒரு கல்லை அள்ளிக்கொண்டார்.

“இதான் மேடம் நம்ம கல்லு! பழசு வழுக்கிட்டே இருந்துச்சுன்னு, பெட்டி வந்த அன்னிக்கே இதை எடுத்துக் கேட்டுக்கு வெச்சுட்டு, பழசைத்தான் பெட்டியில போட்டு உங்க மேஜைக்குக் கொண்டுவந்தேன்.”