கொக்கு எண்ணும் வைத்தியம்

செவ்வாய்க்கிழமை என்றால் மிராசுதார் களத்தில் கால் வைக்க இடமிருக்காது. திருவிடைமருதூர்ப் பக்கத்துக் கிராமங்கள் எல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிடும். கூலி உயர்வு கேட்டுச் சங்கத்தார் கூட்டம் போட முழ இடம் தராத மிராசுதார், 'நேத்திர சித்தர்' காயாரோகணத்துக்குக் களத்தைக் கொடுத்துப் பந்தலும் போட்டுக் கொடுத்திருந்தார். சங்கத்துக்குப் போகிற கால்கள் சித்தருக்கு முன்னால் வரிசையில் நின்றால் அவருக்கென்ன நஷ்டம்?

வைத்தியம் ரொம்ப எளிது. சித்தர் பிள்ளையின் இமையை விரித்து, வெற்றிலை மணக்கும் நாக்கால் ஒரு துழாவு துழாவுவார். உள்ளங்கையில் துப்பினால் சிவப்புச் சாற்றில் ஒரு நெல் உமி மிதக்கும். "கண்ணை மறைச்சது இதான்" என்பார். பிறகு பிள்ளையை வயல் பக்கம் திருப்பி, "அந்தக் கோடி வரப்புல எத்தனை கொக்கு?" என்பார். பிள்ளை சரியாக எண்ணும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அரை மரக்கால் நெல் சாக்குக்குள் போகும்.

அம்சவல்லி மகள் செவ்வந்தியோடு வரிசையில் நின்றாள். ஆறு வயதுப் பெண். சிலேட்டைக் குனிந்து பார்த்தால் தலைவலி, கண்ணீர். ஒரு கண் மூக்கோரம் ஒதுங்கும். எழுத்து ஏறாது என்று வாத்தியார் சொல்லிவிட்டார். சித்தரும் கைவிட்டால் பள்ளியை நிறுத்திப் பண்ணைக்கு ஆடு மேய்க்க அனுப்புவதென்று கணவன் மருதையன் முடிவு செய்திருந்தான். மருதையன் கறுப்புச் சட்டைக்காரன். பகுத்தறிவுக் கூட்டமென்றால் முதல் வரிசையில் உட்கார்ந்து கை சிவக்கத் தட்டுவான். இன்று அவனும் அவள் பக்கத்தில் வரிசையில் நின்றான்.

"அங்க தட்டிட்டு இங்க ஏங்க வந்து நிக்கிறீங்க?"

"சாமி இல்லேன்னுதான் சொன்னாங்க அம்சா. சித்தரைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

முறை வந்தது. சித்தர் இமையைத் தொடப் போனார். அம்சவல்லி குறுக்கே கை நீட்டினாள்.

"கொஞ்சம் இருங்க. செவ்வந்தி, அந்த வரப்புல எத்தனை கொக்கு?"

"ஏழும்மா. ஒண்ணு நொண்டுது."

சித்தர் தொண்டையைக் கனைத்தார். "பந்தலுக்குள்ள வந்ததுமே நம்ம பார்வை பட்டிருக்கு."

"நாத்தங்கால்ல குருவி விரட்டுற பொண்ணு இவ. தூரத்துல இருக்கிறது அவளுக்கு என்னைக்கும் தெரியும். கிட்ட இருக்கிற புஸ்தகம்தான் தெரியல. அதைப் படிக்க வைங்க."

"மொதல்ல உமியை எடுக்கணும்."

"தாராளமா எடுங்க. பச்சப்புள்ள கண்ணு, வாயைக் கொப்பளிச்சிட்டு எடுங்க." ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள்.

"மந்திரம் ஓதுன வாயி. தண்ணி படக் கூடாது."

மகனை மூன்று வாரமாகத் தூக்கிவரும் தையல்நாயகி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "காலையில காப்பி குடிச்சீங்களே சாமி, அப்ப மந்திரம் எங்க போச்சு?"

சிரிப்பு பரவியது. சித்தர் வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கப் பார்த்தார். புரையேறியது. இருமிய இருமலில் தாம்பூலத்தோடு நான்கு உமி பந்தல் பாயில் வந்து விழுந்தது. அடுத்த நான்கு பிள்ளைகளுக்கான கையிருப்பு.

"எம்மவன் இங்க வர்றதுக்கு முன்னாடியும் கொக்கை எண்ணிக்கிட்டுதான் இருந்தான்" என்றாள் தையல்நாயகி மெதுவாக. அதன் பிறகு மெதுவாகப் பேசியவர் யாருமில்லை. சித்தர் சாக்கை விட்டுவிட்டு ஓடினார்.

மறுநாள் மருதையனே மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறினான். கண் டாக்டர் சோதித்துவிட்டுச் சொன்னார்: "தூரம் நல்லாத் தெரியுது. கிட்டப் பார்க்கத்தான் சிரமப்படுது. அந்தச் சிரமத்துலதான் கண்ணு ஒதுங்குது. கண்ணாடியைக் கழட்டாம போட்டா சரியாகும். இப்படியே விட்டிருந்தா அந்தக் கண்ணு பார்க்கவே பழகாமப் போயிருக்கும்."

கண்ணாடி போட்ட அன்று செவ்வந்தி முதல் பாடத்தைத் தடவித் தடவி வாசித்தாள். மருதையன் மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். ஆடுகளுக்கு வேறு ஆள் பார்க்கும்படி பண்ணைக்குச் சொல்லி அனுப்பினான்.

சித்தர் இப்போது ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறாராம். அங்கேயும் கூட்டமாம். போகிறவர்கள் போங்கள். அதிசயம் காட்டியதும் கையைத் தட்டுமுன், அதிசயத்துக்கு முன்னால் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கேள்விக்கு நெல் அளக்க வேண்டியதில்லை. கேட்காமல் இருப்பதற்குத்தான் இத்தனை நாளாக அளந்துகொண்டிருக்கிறீர்கள்.